மறு: ‘பை’ என்று எழுதினால் எந்தப் பை?

வணக்கம். மாவுக்கூட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் ‘pie’ என்ற மேல்நாட்டுப் பலகாரத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் கேட்டது:

> ‘பை’ என்றே விட்டுவிடலாமே, பீட்சாவை மாற்றினோமா?

பீட்சாவுக்குத் தமிழில் வேறு பொருள் இல்லை ஐயா, அதனால் தப்பித்தது. நவம்பர் நான்காம் வியாழன் வரும் நன்றிநவிலல் நாளில் (Thanksgiving) தொடங்கி கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கே நியூஜெர்சியில் நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து இந்தப் பலகாரத்தைச் சுட்டு, அக்கம்பக்கத்துக்கும் தமிழ்ப்பள்ளிக் குடும்பங்களுக்கும் கொடுப்போம். இந்தத் தடவை பெட்டியோடு தமிழில் ஒரு செய்முறை அட்டையும் வைக்கலாம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். எழுத உட்கார்ந்தால் “பையை ஃபிரிட்ஜில் வைக்கவும்” என்று வருகிறது. பூசணி வகையில் முட்டையும் பாலும் இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது, அதனால் அந்த வரியை எடுக்கவும் முடியாது. வாங்கியவர் துணிப்பையை உள்ளே வைத்துவிட்டுப் பலகாரத்தை மேசையில் விட்டால் என்ன செய்வது?

இதுவரை வந்த பெயர்களில் ‘ஓட்டடை’ பொருத்தம்தான், ஆனால் ஒரு சுழி விட்டுப்போனால் ஒட்டடை. பரிசுப் பொருளுக்கு இது ஆகாது. ‘உள்ளீட்டப்பம்’ வேண்டாம், உள்ளீட்டைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

நான் சொல்வது ‘பூரணப்பம்’. கொழுக்கட்டை, போளி, சோமாசி எதுவானாலும் உள்ளே வைப்பது நமக்குப் பூரணம்தானே, ஆப்பிளும் பூசணியும் பெக்கான் பருப்பும் அதில் அடங்கிவிடும். வடசொல் என்பவர்கள் கொழுக்கட்டைக்கு முதலில் மாற்றிக் காட்டட்டும்.

அப்புறம், பூரணம் வைக்காமல் மாவுக்கூட்டை மட்டும் சுடுவதற்கு வந்த ‘குருட்டுச் சுடல்’ (blind baking என்பதன் நேர் பெயர்ப்பு) வேண்டவே வேண்டாம். ‘முன்சுடல்’ கேட்க அழகு, ஆனால் பாதிதான் சரி. பூசணிக்குக் கூட்டை அரைவேக்காட்டில் எடுத்து, பூரணம் ஊற்றி மறுபடி சுடுகிறோம், அங்கே பொருந்தும். சாக்லேட் கிரீம் வகைக்குக் கூடு முழுதாக வெந்துவிடும், பிறகு அடுப்பே கிடையாது, எதற்கு ‘முன்’? ‘வெறுஞ்சுடல்’ என்றால் இரண்டுக்கும் ஆகும், வெறுஞ்சோறு சொல்கிறோமே. (கூடு உப்பாமல் இருக்கத் தாள் விரித்துக் காய்ந்த கொண்டைக்கடலை பரப்புவோம். அந்தக் கடலை சுண்டலுக்கு ஆகாது, அடுத்த தடவைக்கு எடுத்துவைக்கலாம்.)

‘சுடல்’ என்பதற்குப் பதிலாக ஈழத்து நண்பர்கள் கேட்ட ‘வெதுப்பு’ எனக்கும் பிடிக்கும், பேக்கரிக்கு வெதுப்பகம் என்பது அவர்களிடம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஆனால் மதுரையில் இருக்கும் என் மாமியார் அதை வெதுவெதுப்பு என்று படிப்பார், அடுப்போ 220 டிகிரி செல்சியஸ்!

-----

அக்கா,

வெறுஞ்சுடலுக்கு என் ஓட்டு. ‘கூடு’ போட்டதும் நல்லது, ‘ஓடு’ என்றால் “ஓட்டைச் சுடவும்” என்று வந்து தொலைக்கும்.

பூரணப்பத்தில் ஒரு சந்தேகம். ஆப்பிள் வகைக்கு மேலேயும் மாவு மூடுகிறோம், பூசணிக்கு இல்லை. முதலாவதை ‘மூடிய பூரணப்பம்’ என்று பிரித்தால் போதுமா? மேலே பட்டை பட்டையாகக் குறுக்கே பின்னுவதற்குப் ‘பின்னல் மூடி’ வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அட்டையில் தயவுசெய்து ‘பிசையவும்’ என்று போடாதீர்கள். எடையில் மாவு 3 பங்கு, வெண்ணெய் 2, ஐஸ் தண்ணீர் 1 என்று எடுத்து, வெண்ணெய் பட்டாணி அளவுத் துண்டாக நிற்கும்போதே நிறுத்த வேண்டும். அடுப்பில் அது உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகிக் கிளம்பும்போதுதான் மாவு ஏடு ஏடாகப் பிரிகிறது. பிசைந்தால் வெண்ணெயும் கரையும், மாவும் இழுவையாகிவிடும். புட்டுக்குச் செய்கிற மாதிரி ‘பிசிறவும்’ என்று எழுதுங்கள், நம் ஆட்களுக்குக் கை தானாகவே நின்றுவிடும்.

அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் முன் இங்கே ஒருமுறை போடுங்கள்.