தமிழ் வரிசையிலேயே போட்டும் ஜப்பானிய வாக்கியம் ஏன் தப்பாகிறது?

மஞ்சக்குப்பம்_மலர்:
என்5 தேர்வுக்கு (ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலை) படிக்கிறேன். "வினை கடைசியில், தமிழ் மாதிரியேதான்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படித்தான் எழுதினேன், மூன்றுமே தப்பாம்:

அஷிதா நி பாண்டி நி இகிமாஸ் (நாளைக்குப் பாண்டிக்குப் போறேன்)
பஸு தே நொரிமாஸ் (பஸ்ஸில் ஏறுறேன்)
தொமொதாச்சி ஓ ஐமாஸ் (தோழியைச் சந்திக்கிறேன்)

வரிசை சரிதானே? எங்கே பிசகு?

நெல்லித்தோப்பு_நிஹோங்கோ:
வரிசையில் பிசகே இல்லைங்க. மூன்றிலும் உருபுதான் இடிக்கிறது. தமிழ் உருபை அப்படியே ஜப்பானிய ஒட்டாக (பெயருக்குப் பின்னால் வரும் நி, தே, ஓ போன்ற சிறு சொல்) மாற்றியிருக்கிறீர்கள்.

'நாளைக்கு' என்பதில் உள்ள 'கு'வை விட்டுவிடுங்கள். கினோ, க்யோ, அஷிதா (நேற்று, இன்று, நாளை) மூன்றுக்கும் நி சேராது. எண் வைத்துச் சொல்லும் நேரத்துக்குத்தான் கட்டாயம் வரும்: ஷிச்சிஜி நி, ஏழு மணிக்கு. கிழமைக்குப் போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

பஸ்ஸில் ஏறுவதற்கும் பஸ்ஸில் போவதற்கும் நமக்கு ஒரே 'இல்'. அங்கே ஏறிச் சேரும் இடத்துக்கு நி, பயணத்துக்கான வாகனத்துக்கு தே. ஆகவே பஸு நி நொரிமாஸ், ஆனால் பஸு தே இகிமாஸ். இறங்கும்போது இன்னொரு மாற்றம்: பஸு ஓ ஒரிமாஸ். இடப்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. சில்வர் பீச்சில் இருந்தால் நி இமாஸ், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் தே தபேமாஸ். இருப்புக்கு நி, செயலுக்கு தே.

சந்திப்பதற்கு 'ஐ' உருபு கிடையாது, தொமொதாச்சி நி ஐமாஸ். வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். 'நி ஐமாஸ்', 'நி நொரிமாஸ்' என்று ஒட்டோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை_ரவி:
பாண்டியில் பிரெஞ்சு படித்துவிட்டு வருகிறவர்களுக்கு வரிசையும் தட்டும், வினை நடுவில் போய் உட்கார்ந்துவிடும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் நாம் சொல்லை விழுங்கிவிடுகிறோம். 'புத்தகம் படிச்சேன்' என்று 'ஐ' இல்லாமலே சொல்லிப் பழகியதால் 'ஹோன் யொமிமாஸ்' என்று எழுதிவிடுகிறோம். பேச்சில் ஓ விழும், எழுத்தில் ஹோன் ஓ யொமிமாஸ் என்றே எழுதுங்கள். 'நான் மாணவி' என்று தமிழில் நிறுத்திவிடலாம், அங்கே முடிவில் தெஸ் வேண்டும்: வதாஷி வா கக்சேய் தெஸ்.

தேர்வில் நான்கு கோடு, நான்கு சொல், ஒரு கோட்டில் நட்சத்திரம் என்று ஒரு கேள்வி வருமே, அதில்தான் தமிழ் உண்மையாகக் கைகொடுக்கும்.

கொரே வா __ __ ★ __ தெஸ்
(ஹோன், கத்தா, வதாஷி கா, கினோ)

கடைசிக் கோட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். தெஸ்ஸுக்கு முன்னால் பெயர்: ஹோன், புத்தகம். அதற்கு முன் கத்தா, வாங்கின. அதுதான் நட்சத்திரத்துக்கு விடை. 'இது நான் நேற்று வாங்கின புத்தகம்', சொல்லுக்குச் சொல் நம்ம பெயரெச்சமேதான். நானும் நேற்றும் இடம் மாறினாலும் விடை மாறாது. ஒன்று கவனியுங்கள்: பெயரெச்சத்துக்குள் வரும் எழுவாய் வதாஷி வா ஆகாது, வதாஷி கா ('கங்கா'வில் கடைசியில் வரும் 'கா' ஒலி).

மஞ்சக்குப்பம்_மலர்:
நன்றி, 'இல்' இப்போதுதான் பிடிபட்டது. அப்போ 'எனக்கு ஜப்பானியம் புரியும்' என்பதற்கு வதாஷி நி வருமா?

நெல்லித்தோப்பு_நிஹோங்கோ:
இந்த நிலையில் வா போடுங்கள்: வதாஷி வா நிஹோங்கோ கா வகாரிமாஸ். புரிகிற பொருளுக்குக் கா, ஓ அல்ல. 'எனக்கு மீன் பிடிக்கும்' என்பதும் இதே அச்சு: வதாஷி வா சகானா கா ஸுகி தெஸ். தமிழிலும் இங்கே 'மீனை' என்று வராது பாருங்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.