பேக்கிங் (கவரை அடைக்கும் ரப்பர்) புதுசு, சாக் டெஸ்டும் (சாக்பீஸ் சோதனை) சரி. ஹோஸில் தண்ணீர் அடித்தால் ஹேட்ச் கவர் (கப்பலின் சரக்கு அறை மூடி) கசிகிறது. உதவி தேவை

செகண்ட்மேட்:
வணக்கம். ஐந்து ஹோல்டு (சரக்கு அறை) உள்ள பல்க் கேரியர் (மொத்தச் சரக்குக் கப்பல்), மடங்கும் ஃபோல்டிங் டைப் கவர். நிலக்கரி இறக்கியாச்சு. அடுத்து காக்கிநாடாவில் மூட்டை அரிசி ஏற்றி மேற்கு ஆப்பிரிக்கா போகணும். 2ஆம் ஹோல்டில் பேக்கிங் மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. ரப்பர் அழுந்தும் இரும்பு விளிம்பில் (கம்ப்ரெஷன் பார்) சாக்பீஸ் பூசி மூடித் திறந்தால் ரப்பரில் கோடு எங்கும் அறுபடாமல் விழுகிறது. ஹோஸ் அடித்தால் மட்டும் போர்ட் (இடது) பக்கம், கிராஸ் ஜாயின்ட் (இரண்டு பேனல் சேரும் குறுக்கு இணைப்பு) கோமிங்கில் (ஹோல்டு வாயைச் சுற்றிய இரும்புச் சுவர்) வந்து சேரும் மூலையில், உள்ளே சொட்டுகிறது. கிளீட்டை (கவரைப் பிடிக்கும் கொக்கி) எல்லாம் இன்னும் இறுக்கிப் பார்த்தோம், குறையவில்லை. அந்த இடத்தில் ரப்பருக்கு அடியில் 5 மி.மீ. பட்டை வைத்து உயர்த்தலாமா?

கோமிங்:
பட்டை மட்டும் வைக்காதீங்க தம்பி. அந்த இடத்தில் ரப்பர் அளவுக்கு மேல் நசுங்கும், பட்டை முடியும் இரண்டு முனையிலும் புதிதாகக் கசியும். கிளீட்டையும் பழையபடி தளர்த்திடுங்க. கிளீட்டின் வேலை, கப்பல் அலையில் முறுக்கும்போது கவரைத் தூக்காமல் பிடித்து வைப்பது. ரப்பர் எவ்வளவு அமுங்கணும் என்பதைத் தீர்மானிப்பது லேண்டிங் பேட் (கவர் உட்காரும் இரும்புத் தாங்கி). இரும்பு இரும்பின் மேல் உட்கார்ந்த பிறகு கிளீட்டை எவ்வளவு முறுக்கினாலும் அதன் வாஷர்தான் நசுங்கும்.

சாக் டெஸ்ட் ரப்பர் பாரைத் தொடுகிறதா என்று மட்டும்தான் சொல்லும், 1 மி.மீ. அமுங்கினாலும் கோடு விழும். துறைமுகத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் கடலில் கோமிங் நெளியும்போது விலகிவிடும்.

மூன்று அளவு எடுத்துப் போடுங்க: திறந்த நிலையில் ரப்பரில் விழுந்த பள்ளத்தின் ஆழம், போர்ட், ஸ்டார்போர்ட் (வலது) இரண்டிலும். லேண்டிங் பேட் ஒவ்வொன்றின் உயரம், டிராயிங்கோடு ஒப்பிட்டு. மூடிய நிலையில் கிராஸ் ஜாயின்டின் மேல் நேர்சட்டம் வைத்து, இரண்டு பேனலுக்கும் உள்ள உயர வித்தியாசம்.

செகண்ட்மேட்:
எடுத்தாச்சு சார். மேனுவலில் டிசைன் கம்ப்ரெஷன் (ரப்பர் அமுங்க வேண்டிய அளவு) 12 மி.மீ. பள்ளம் போர்ட் 9, ஸ்டார்போர்ட் 4. பின்பக்க பேனலின் போர்ட் பேட்கள் 6 மி.மீ. தேய்ந்திருக்கு. நேர்சட்டத்திலும் அந்தப் பேனல் அதே 6 தாழ்ந்து நிற்கிறது. கிராஸ் ஜாயின்ட் பார் அந்தப் பேனலில்தான் இருக்கு.

கோமிங்:
அப்போ விடை வந்துடுச்சு. பேட் தேய்ந்ததால் பேனல் இறங்கி, ஓர ரப்பர் 12க்குப் பதில் 18 மி.மீ. நசுங்கியிருக்கு. அதனால்தான் ஆறே மாதத்தில் 9 மி.மீ. நிரந்தரப் பள்ளம். டிசைன் அளவில் பாதியை, உங்களுக்கு 6 மி.மீ., தாண்டிய ரப்பரை மாற்றியே ஆகணும். கிராஸ் ஜாயின்டில் நடப்பது நேர்மாறு: பார் உள்ள பேனல் இறங்கியதால் அது ரப்பரை விட்டு விலகி, அமுக்கம் 6 மி.மீ.தான் மிச்சம். சாக் கோடு விழும், தண்ணீர் நிற்காது.

முதலில் பேட், பிறகு ரப்பர். மாற்றிப் போட்டால் புது ரப்பரும் இதே கதிதான். பேட்டை டிராயிங் உயரத்துக்குக் கொண்டு வாங்க. வெல்டிங் என்றால் கிளாஸுக்கு (கப்பலுக்குச் சான்று தரும் நிறுவனம்) தெரிவிச்சு, நிலக்கரி இருந்த ஹோல்டில் கேஸ் அளந்து, ஹாட் வொர்க் பெர்மிட் எடுத்த பிறகுதான்.

ரப்பரை ஒட்டுப் போடாமல் அந்தப் பக்கம் முழு நீளமும் மாற்றுங்க. பள்ளம் விழுந்த ரப்பருக்குப் பக்கத்தில் புது ரப்பரை வைத்தால் சேரும் இடத்தில் படி விழும். ரப்பர் உட்காரும் சேனலைத் துரு போகச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு பசை. மூலைக்கு அச்சில் வார்த்த கார்னர் பீஸ்தான். நேர் ரப்பரைச் சாய்வாக வெட்டி ஒட்டுவது நிற்காது. ரப்பர் மேல் பெயின்டோ பெட்ரோலிய கிரீஸோ படக்கூடாது.

சர்வே மேசை:
இன்னும் இரண்டு விஷயம் பாருங்க. கோமிங் மூலை டிரெய்னின் (நீர் வடியும் குழாய்) நான்-ரிட்டர்ன் வால்வை (ஒருவழி வால்வு) கழற்றுங்க. நிலக்கரித் தூள் ஈரத்தோடு களியாகி, மிதந்து எழுந்து வழியை மூட வேண்டிய பந்தைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும். டெக்கில் அலை ஏறினால் அதே வழியாகத் தண்ணீர் திரும்பி கோமிங் சானலுக்குள் வரும். கம்ப்ரெஷன் பாரின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்க. கிராப் (சரக்கு அள்ளும் இரும்புக் கை) இடித்த சின்னப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

கவர் பிளேட்டின் மெலிவையும் விடாதீங்க. 1983 பிப்ரவரியில் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் நிலக்கரியோடு மூழ்கிய ‘மரீன் எலக்ட்ரிக்’ கப்பலின் ஹேட்ச் கவர்கள் துருவில் ஓட்டை விழுந்து ஒட்டுப் போடப்பட்டவை. 34 பேரில் 31 பேர் பிழைக்கவில்லை.

செகண்ட்மேட்:
முடித்ததும் எந்த டெஸ்ட் செய்யணும்? டிரெய்ன் அடைத்து வைக்கணுமா? சீலிங் டேப் ஒட்டினால் சர்வேயர் ஏற்பாரா?

சர்வே மேசை:
அரிசிக்கு அல்ட்ராசோனிக் (மீயொலி) டெஸ்ட் செய்யுங்க. கடலில் போவது போல எல்லா கிளீட்டும் போட்டு, ஒலி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை ஹோல்டு நடுவில் வைக்கணும். கவரைச் சற்றே திறந்து ஓப்பன் ஹேட்ச் வேல்யூவை (திறந்த நிலையில் கேட்கும் ஒலி அளவு) முதலில் எடுங்க, ஒவ்வொரு ஹோல்டுக்கும் தனித்தனியாக. அது 60 என்றால், மூடியபின் எந்த இடத்திலும் 6க்கு மேல் காட்டக்கூடாது. ஆக்சஸ் ஹேட்ச், வென்டிலேட்டர் ஓரங்களிலும் வைத்துக் கேளுங்க.

ஹோஸ் என்றால் நாசில் உள்விட்டம் 12 மி.மீ.க்கும் அழுத்தம் 2 பாருக்கும் குறையாமல், 1.5 மீட்டர் தூரத்துக்குள், ஒரு மீட்டரைக் கடக்க இரண்டு விநாடி. டிரெய்ன் மூடியைத் திறந்தே வைத்து, ஓர் ஆளை அங்கே நிறுத்துங்க. ஹோல்டுக்குள் சொட்டாவிட்டாலும் டிரெய்னில் நீர் ஓடினால் ரப்பர் அங்கே விட்டிருக்கு என்று அர்த்தம்.

டேப் தற்காலிக உதவிதான், பழுதுக்கு மாற்று இல்லை. அதன் அடியில் உப்புத் தண்ணீர் தங்கி பிளேட்டையும் தின்னும். பேட் உயரம், பள்ளம், அல்ட்ராசோனிக் அளவு மூன்றையும் தேதியோடு மெயின்டனன்ஸ் பதிவில் எழுதிடுங்க. மூட்டை நனைந்ததாகப் புகார் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.