ஃப்ரீபிஎஸ்டிக்கு மேசைக்கணினி: எந்த மதர்போர்டு வாங்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் பயன்படுத்தி வருகிறேன். இப்போது ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தை நிறுவுவதற்கென்றே ஒரு மேசைக்கணினியைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க நினைக்கிறேன். நிரல் எழுதுவதும், குடும்பப் படங்களை இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் பாதுகாப்பதும்தான் வேலை, விளையாட்டுகள் இல்லை. ரைசன் 5 5600ஜி செயலி, 16 ஜிபி நினைவகம், இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எந்த மதர்போர்டு என்பதில்தான் முடிவெடுக்க முடியவில்லை. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

மறுமொழி 1

வணக்கம். செயலித் தேர்வு சரியானது. அதிலேயே அடங்கியுள்ள வேகா கிராபிக்ஸை, லினக்ஸ் கெர்னலிலிருந்து எடுத்துத் தகவமைக்கப்பட்ட டிஆர்எம்-கேமாட் இயக்கி (டிரைவர்) நன்றாகவே இயக்குகிறது; தனிக் கார்டு தேவையில்லை. பிற்காலத்தில் வாங்குவதானாலும், அந்த இயக்கி லினக்ஸுக்குச் சற்றுப் பின்னாலேயே வருவதால், அண்மையில் வெளியான கார்டுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மதர்போர்டில் முதலில் பார்க்க வேண்டியது நெட்வொர்க் சிப். பெட்டியின் மேல் ‘2.5 ஜிகாபிட் லேன்’ என்று மட்டுமே அச்சிட்டிருப்பது வழக்கம்; அது இன்டெல் ஐ225 வகையா, ரியல்டெக் 8125 வகையா என்பது தயாரிப்பாளர் தளத்தின் விவரப் பட்டியலில்தான் தெரியும். இன்டெல் வகைக்கு இயக்கி அடிப்படை அமைப்போடு சேர்ந்தே வருகிறது. மற்றதற்கு, 14 வரிசையில், போர்ட்ஸ் என்ற கூடுதல் மென்பொருள் தொகுப்பிலிருந்து தனியே நிறுவ வேண்டும். இயக்கியை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர அந்த இயக்கி வேண்டும் என்ற நிலையில் நான் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இழந்திருக்கிறேன். கடைசியில் கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, திரையில் ‘யூஇ0’ என்று புதிய இணைப்பு தோன்றிய பிறகுதான் வேலை நடந்தது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஹார்ட் டிஸ்க்கையும் கவனியுங்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதப்படுவதால், மிரரில் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை வைக்கும் முறையில்) ஒரு டிஸ்க் பழுதாகிப் புதியதை மாற்றும்போது, தகவலை மீண்டும் நிரப்பும் பணி மிக மிக மெதுவாக நடக்கும். தடங்கள் அப்படிப் படியாத சிஎம்ஆர் வகை என்று உறுதிசெய்துகொண்டு, சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். குடும்பப் படங்கள் என்கிறீர்களே! பிழைகளைத் தானே திருத்தும் ஈசிசி நினைவகத்தை 5600ஜி ஆதரிக்காது. அது கட்டாயம் வேண்டுமென்றால் அதே வரிசையின் ‘புரோ’ வகையைத் தேட வேண்டும்.

மறுமொழி 3

பயாஸில், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே துவங்கவிடும் செக்யூர் பூட்டை நிறுத்தாமல் ஃப்ரீபிஎஸ்டி துவங்காது. வாங்கும் கடையில் காட்சிக்கு வைத்துள்ள கணினி அதே போர்டில் ஓடினால், அனுமதி கேட்டு, நிறுவாமலேயே இயங்கும் ஃப்ரீபிஎஸ்டி வடிவமான நோமேட்பிஎஸ்டியை எழுதிய பென் டிரைவிலிருந்து துவக்கிப் பாருங்கள். கண்டறிந்த வன்பொருளைப் பட்டியலிடும் டிமெஸ்ஜி கட்டளை ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் பொறுமையாகச் சோதிக்க விட்டார். முதல் போர்டில் நெட்வொர்க் சிப்பே பட்டியலில் வரவில்லை. இரண்டாவதில் இன்டெல் சிப்பைக் குறிக்கும் ‘ஐஜிசி0’ என்ற வரியைக் கண்டதும் பணத்தைக் கட்டிவிட்டேன். சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வருகின்றன.