பெரிய கோயில் மரபு நடை: நிழல் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி:
ஊர் வரலாறு பேசும் சின்ன வட்டம் ஒன்றில் மூன்று வருடமாக இருக்கிறேன். மாதம் ஒரு பேச்சு, டீ, கலைந்துவிடுவோம். வருகிற ஞாயிறு தஞ்சைப் பெரிய கோயிலில் மரபு நடை, அதாவது சுற்றி நடந்தபடியே வரலாறு சொல்வது. கூட்டிப் போக வேண்டியவருக்குக் கண் ஆபரேஷன் என்பதால் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. முப்பது பேர், இரண்டு மணி நேரம். உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசியிருக்கிறேன், நடப்பவர்களிடம் பேசியதில்லை.

குறிப்பு எழுத உட்கார்ந்தேன், பதினாறு பக்கம் ஆகிவிட்டது. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது, நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் 1931-இல் சோழர் ஓவியம் தெரிய வந்தது, 1803-இல் வெட்டிய மராத்திக் கல்வெட்டு... எதை விடுவது?

அப்புறம், "கோபுர நிழல் தரையில் விழாதாமே?" என்று யாராவது கேட்பார்கள். ஒரு கூட்டத்தில் நான் "அது சும்மா கதை சார்" என்று சொல்லி, ஒரு பெரியவர் முகம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுபடி அந்தப் பாவம் வேண்டாம்.

பதில் 1:
தம்பி, பதினாறு பக்கத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க. என் முதல் நடையில், கோயிலுக்குள் நுழையும் கேரளாந்தகன் வாசலிலேயே முக்கால் மணி நேரம் சோழர் வம்சாவளி சொன்னேன். உள்ளே போனபோது வெயில் ஏறிவிட்டது. வெறுங்கால் சுடும்போது யார் காதிலும் எதுவும் ஏறாது. எல்லாரும் நிழல் தேடி ஓடிவிட்டார்கள். காலை ஏழுக்கே தொடங்குங்கள்.

விமானத்தின், அதாவது கருவறை மேல் எழும் அந்தப் பெரிய கோபுரத்தின், வடக்குப் பக்கம் மட்டும் அவசரப்படாமல் நில்லுங்கள். "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜன் ஆணை அங்கேதான் இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. தேவிமாருக்கு முன்னால் அக்கா பெயர்! ராஜாவும் நம்மைப் போல "குடுத்த" என்றுதான் சொல்கிறார், கவனித்தீர்களா? இதைச் சொன்னால் போதும், கூட்டம் சுவரை விட்டு நகராது.

பதில் 2:
தளிச்சேரிப் பெண்டுகளை விட்டுவிடாதீர்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 ஆடல் பெண்கள், ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். கல்வெட்டில் தலைவீடு, இரண்டாம் வீடு என்று வரிசையாக, தபால்காரர் கையில் கொடுக்கிற பட்டியல் மாதிரி பெயர்கள். எடுத்தபாதம் என்று ஒருத்தி பெயர். ஆடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது!

நிழல் விஷயத்தில் வாயைத் திறக்காதீர்கள். காலையில் விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கம் கூட்டிப் போய் நிறுத்துங்கள். போதும்.

கேட்டவர்:
ஞாயிறு முடிந்தது, சொல்ல வந்தேன். இருபத்திரண்டு பேர்தான் வந்தார்கள். மேற்குப் பக்கம் போனதும் எல்லாரும் தானாகவே குளிர்ச்சியான இடமாகப் பார்த்து ஒதுங்கினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அம்மா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "ஏங்க, நாம நிக்கிறதே நிழல்லதானே?" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், "உச்சி வெயில்ல விழாதுன்னுதான் சொல்வாங்க" என்று சமாளித்தார். சரி என்று விட்டுவிட்டேன்.

வடக்குப் பக்கம் நாற்பது நிமிடம் போய்விட்டது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கல்லைத் தொடாமல் காற்றிலேயே விரலால் எழுத்துகளை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தான். நமக்குப் பழக்கமான "க" போல ஒன்றைக் கண்டுபிடித்ததும் அவனைப் பிடிக்க முடியவில்லை. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

மராத்திக் கல்வெட்டுப் பக்கம் போகவே இல்லை. கல் நந்தி தானாக வளர்ந்ததாகச் சொல்லும் கதையை ஒருவர் ஆரம்பித்தார், அதற்குள் தரை சுட ஆரம்பித்துவிட்டது.