திருவான்மியூருக்கு மட்டும் 120 ரூபா எப்படி ஒட்டிக்கிச்சு? சி மொழி ஸ்டிரிங்ல (எழுத்துத் தொடர்ல) அடி வாங்குன கதைகள்

அம்பத்தூர்க்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனி, டெலிவரி ஸ்லிப் அடிக்கிற மெஷினுக்கு நாந்தான் கோட் எழுதுனேன். ஸ்ட்ரக்சர்ல (தகவல அடுத்தடுத்து வைக்கிற அமைப்பு) ஏரியா பேருக்கு 40 பைட், அதுக்கு அடுத்தாப்ல ரூபாய்க்கு 8 பைட். மூணு மாசம் இங்கிலீஷ்லயே ஓடுச்சு, ஒரு குறையும் இல்ல. அப்புறம் கஸ்டமர் ஏரியா பேரு தமிழ்ல வேணும்னாரு, யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்டா எழுதுற முறை) தானே அப்படியே போகும்னு மாத்தி விட்டுட்டேன். கிண்டி, அடையாறு, மயிலாப்பூர் எல்லாம் ஜோரா வந்துச்சு. திருவான்மியூர் மட்டும் கடைசிப் புள்ளி போய் "திருவான்மியூர", பக்கத்துல ஒரு கட்டம், அதோட ஒட்டிக்கிட்டு 120. கீழ ரூபா இடத்துலயும் அதே 120. டெலிவரி பையன் போன் பண்ணி "அண்ணே, ரெண்டு தடவ வாங்கணுமா?"ங்கிறான்.

ரெண்டு நாள் பிரின்டரையும் ஃபான்ட்டையும் திட்டிக்கிட்டு இருந்தேன், நுங்கம்பாக்கமும் அதே மாதிரி வந்தப்பதான் பொறி தட்டுச்சு. யூடிஎஃப்-8ல தமிழ்க் குறி ஒண்ணுக்கு 3 பைட், கொம்பு கால் புள்ளி எல்லாம் தனித்தனி குறி. திருவான்மியூர்ல 14 குறி, அப்ப 42 பைட். நான் ஸ்டிரிங்க காப்பி பண்ற ஸ்ட்ரென்காப்பில 40னு குடுத்திருந்தேன், அது 13 குறியும் புள்ளியோட முதல் பைட்டும் வரைக்கும் காப்பி பண்ணி நின்னுடுச்சு, இடம் பத்தலன்னா கடைசில பூஜ்ய பைட் போடவே போடாது. அச்சுக்கு அனுப்புற பிரின்ட்எஃப்புக்கு ஸ்டிரிங் எங்க முடியுதுன்னு சொல்றதே அந்தப் பூஜ்யம்தான், அது இல்லாததால நேரா பக்கத்து வீட்டு 120க்குள்ள பூந்து அதையும் அடிச்சுட்டு வந்திருக்கு. ஸ்ட்ரென்காப்பிய பாதுகாப்புக்குன்னு பண்ணதா நெனச்சுட்டு இருந்தேன் பாருங்க, பழைய யுனிக்ஸ்ல ஃபைல் பேரு 14 பைட் கட்டத்துல உக்காரணும்னு பண்ணதாம் அது!

லேப் ரெக்கார்டு:
தல, உங்களுதாவது சம்பளம் வாங்கிட்டு பட்டது. நான் காலேஜ் பிராக்டிகல்ல பட்டேன். டர்போ சி, நீல ஸ்கிரீன், பேருக்கு 10 எழுத்துக்கு அர்ரே வச்சு, டைப் அடிக்கிறத நீளம் பாக்காம வாங்குற கெட்ஸ் போட்டிருந்தேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து இனிஷியலோட அவரு பேர முழுசா அடிச்சாரு, புரோகிராம் அப்படியே உறைஞ்சு போச்சு. அவரு சிரிச்சுட்டு 1988ல மோரிஸ் வார்ம் (நெட்ல தானா பரவுன புரோகிராம்) கதைய சொன்னாரு, ஃபிங்கர் சர்வர்ல (யாரு லாகின் பண்ணிருக்காங்கன்னு சொல்றது) கெட்ஸ் வச்சிருந்த 512 பைட் பஃபர்ல அத விட நீளமா அனுப்பித்தான் அது உள்ள பூந்துச்சாம். 2011 சி ஸ்டாண்டர்ட்ல கெட்ஸையே தூக்கிட்டாங்க, எங்க லேப் ரெக்கார்டுல மட்டும் அது சாகாவரம் வாங்கிருக்கு. இப்ப அளவு சொல்லி வாங்குற எஃப்கெட்ஸ்தான். அது என்டர் கீயையும் சேத்து உள்ள வச்சுக்கும், அதுல ஒரு தனி அடி வாங்குனேன், விடுங்க.

ஓஎம்ஆர் டிராஃபிக்:
என்னது சின்னது. ரெண்டு ஸ்டிரிங்க ஒப்பிடுற ஸ்ட்ர்கம்ப், ரெண்டும் ஒண்ணா இருந்தா 0 குடுக்கும்னு மறந்து "இஃப்" உள்ள அப்படியே போட்டுட்டேன், அங்க 0ன்னா "இல்ல"ன்னு அர்த்தம். சரியான பாஸ்வேர்டு போட்டவன் வெளிய, மத்த எல்லாரும் உள்ள. டெஸ்டிங்ல தெரியாதான்னு கேக்காதீங்க, டெஸ்ட் பண்ணவன் தப்பா டைப் அடிச்சு "ஓகே ஓப்பன் ஆகுது மச்சி"ன்னுட்டு டீக்கு போயிட்டான்.

அம்பத்தூர் அண்ணே, கடைசில என்ன பண்ணீங்க?

அம்பத்தூர்க்காரன்:
64 பைட் ஆக்கி, அளவு சொல்லி எழுதுற எஸ்என்பிரின்ட்எஃப்புக்கு மாத்துனேன், அது எப்பவும் பூஜ்யம் போட்டுடும். ஆனா எழுத்த பாத்து வெட்டாது, பைட்டத்தான் எண்ணும். அதனால பின்னாடி இருந்து வந்து குறியோட முதல் பைட் எங்கன்னு தேடி அங்க வெட்டுறேன். அதுவும் முழுசா பத்தல, குறி முழுசா இருந்தாலும் புள்ளி மட்டும் விட்டுப்போனா "ர்" "ர" ஆயிடும், ஸோ அடுத்து வர்றது புள்ளியோ கொம்போன்னா அந்த மெய்யையும் சேத்து தூக்கணும். எல்லாம் பண்ணி போன வாரம் குடுத்தேன். நேத்து கஸ்டமர் ஏரியா கட்டத்துல அடிச்சிருக்காரு: "மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபம் எதிரில்". 115 பைட்.