'அமூர்': அந்தத் தலையணையைக் காதல் என்று சொல்லலாமா?

பழைய ரீல்:
நேற்று மூன்றாவது தடவையாக 'அமூர்' பார்த்தேன். மிகைல் ஹானேகே 2012-இல் எடுத்த பிரெஞ்சுப் படம். கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது, மறு வருஷம் ஆஸ்கர். (பேசுவது பிரெஞ்சு, நடப்பது பாரிஸ், ஆஸ்கர் மட்டும் ஆஸ்திரியா கணக்கில்!) முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ், ஆன் இருவரும் எண்பதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற பியானோ ஆசிரியர்கள். கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்குச் செய்த ஆபரேஷன் சரியாக அமையாமல் மனைவிக்கு வலது பக்கம் விழுந்துவிடுகிறது. 'திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே' என்கிறார். அப்புறம் பேச்சும் குழறி, 'வலிக்குது, வலிக்குது' என்ற முனகல் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு நாள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லி முடித்து, தலையணையை முகத்தில் அழுத்திவிடுகிறார்.

எல்லாரும் இதைப் பெருங்காதல் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, தாங்க முடியாமல் போன ஒரு மனிதர். தண்ணீர் குடிக்க மறுத்ததற்காக அதே மனைவியைக் கன்னத்தில் அறைந்தவர்தானே அவர்?

ராகவி:
அந்த அறையை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா சார்? என் மாமியாரை இரண்டரை வருஷம் பார்த்தேன். வாயில் விட்டதை அப்படியே என் மேல் துப்புவார். நான் கை நீட்டவில்லை, ஆனால் டம்ளரைச் சுவரில் விட்டெறிந்திருக்கிறேன். ஜார்ஜ் அடித்த கையோடு மன்னிப்புக் கேட்கிறாரே, அதைப் பார்க்கவில்லையா?

குமரன் மதுரை:
எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம் இல்ல. அந்த மகள் ஏவா மேலதான். இசபெல் உப்பேர் நடிச்சது. அம்மா வாய் கோணிக் கிடக்கா, பக்கத்துல உக்காந்து பணத்தை வீட்டுல போடலாமான்னு பேசிட்டிருக்கா. அந்த ஊரே அப்படித்தான். 2003 ஆகஸ்ட் வெயில்ல பிரான்ஸ்ல சுமார் 15,000 பேர் செத்தாங்க, முக்கால்வாசி வயசானவங்க. பிள்ளைங்கள்லாம் லீவுல ஊர் சுத்தப் போயிட்டாங்க.

ராகவி:
தம்பி, அந்த ஊரைப் பழிக்கிறதுக்கு முன்னால ஒன்று. பெற்றோர் வழியில்லாமல் நின்றால் பிள்ளைகள் தாங்க வேண்டும் என்று பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 205-ஆம் பிரிவே சொல்கிறது. நம்ம விருதுநகர்ப் பக்கம் வயசானவர்களுக்கு எண்ணெய் தேய்த்து, இளநீர் கொடுத்து மேலே அனுப்பிவைத்த தலைக்கூத்தல் மட்டும் எந்தக் கணக்கு? ஏவா பணக்கதை பேசுவது அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல். மாமியாரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பாதிப் பேர் எங்கள் வீட்டு டைல்ஸ் என்ன விலை என்றுதான் கேட்டார்கள்.

பழைய ரீல்:
ஏவாவைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. அவள் போன் பண்ணினால் ஜார்ஜ் எடுப்பதில்லை. நேரில் வந்தால் அம்மா அறையைப் பூட்டிவைக்கிறார். நர்ஸ் ஒருத்தியை நிறுத்திவிடுகிறார். எல்லாக் கதவையும் ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, கடைசியில் 'வேறு வழியில்லை' என்றால்? வழிகளை அடைத்ததே அவர்தானே.

ராகவி:
அந்த நர்ஸ் தலை சீவின லட்சணத்தைப் பார்த்தீர்களா? முடியை இழுத்து இழுத்துச் சீவிவிட்டு, அந்த முகத்துக்கு நேராகக் கண்ணாடியை வேறு காட்டுகிறாள். நானாக இருந்தால் கதவு வரைக்கும் போகவிட்டிருக்கமாட்டேன்.

தெற்கு ஜன்னல்:
இரண்டு பேரும் அந்தக் கடைசிக் கதையை விட்டுவிட்டீர்கள். சின்ன வயதில் கோடை முகாமில் பிடிக்காத அரிசிப் பாயசத்தைத் தின்னும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று தன்னை உட்காரவைத்ததைத்தான் ஜார்ஜ் சொல்கிறார். அம்மாவோடு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு: முகாம் பிடித்திருந்தால் தபால் அட்டையில் பூ வரைய வேண்டும், பிடிக்காவிட்டால் நட்சத்திரம். பையன் அட்டை முழுக்க நட்சத்திரமாக வரைந்து அனுப்புகிறான்.

இப்போது அந்தத் தண்ணீர்க் காட்சியை நினைத்துப் பாருங்கள். வேண்டாம் என்கிற வாயில் திணித்தது யார்? கதை சொல்லச் சொல்ல, தானே அந்த முகாம்காரனாகிவிட்டது அவருக்கு உறைக்கிறது. மனைவி துப்பிய தண்ணீர் இத்தனை நாளாக வந்துகொண்டிருந்த நட்சத்திர அட்டை. தலையணை அதற்கு அவர் எழுதிய பதில்.

பழைய ரீல்:
அபாரமான வாசிப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நட்சத்திரம் வரைந்த பையன் கேட்டது வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி. சாகடிக்கச் சொல்லி அல்ல. அட்டையைப் படித்தவரும் அவர், அர்த்தம் சொன்னவரும் அவர்.

தெற்கு ஜன்னல்:
இனி வாழ்ந்து என்ன பயன் என்று ஆன் வாய் இருந்தபோதே சொல்லிவிட்டாரே. அதோடு, ஹானேகேயை வளர்த்த உறவுக்காரப் பெண்மணி தொண்ணூறு தாண்டி, வலி பொறுக்காமல், சாக உதவு என்று அவரிடமே கேட்டிருக்கிறார். தன்னால் முடியாது என்று மறுத்துவிட்டதாக ஹானேகே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டையும் வியன்னாவில் தன் பெற்றோர் இருந்த வீட்டின் அமைப்பில்தான் செட் போட்டார்.

பழைய ரீல்:
அவரே மறுத்திருக்கிறார் என்றால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி!

குமரன் மதுரை:
கடைசியில ஜார்ஜ் எங்க போனார்? போலீஸ் கதவை உடைக்கிறப்ப அந்தம்மா உடம்பு மட்டும்தானே இருக்கு, பூவெல்லாம் வச்சு.

ராகவி:
படம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். முதல் தடவை ஆன் உறைந்துபோகும்போது ஜார்ஜ் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போவார். திடீரென்று தண்ணீர்ச் சத்தம் நிற்கும், நின்றதும்தான் அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று தெரியும். கடைசியிலும் கட்டிலில் கிடக்கும் அவருக்குச் சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். ஷூ போட்டுக்கொள் என்கிறாள். இருவரும் கிளம்பும்போது, கோட் எடுத்துக்கொள்ளவில்லையா என்று கேட்கிறாள்.

பழைய ரீல்:
கோட் ஞாபகம் இருக்கிறது. குழாயை இரண்டோடு இரண்டாகச் சேர்த்துப் பார்த்ததில்லை. தலையணை விஷயத்தில் நான் மாறவில்லை ராகவி.

ராகவி:
மாற வேண்டாம் சார். குழாய்க்காக மட்டும் நாலாவது தடவை பாருங்கள்.