நுரையீரல் புற்றுக்கு மூச்சுவழி மரபணு: பிஇஐ போதுமா?

அமீன்25: புற்றைத் தடுக்கும் பி53 மரபணு உள்ள பிளாஸ்மிட்டை (வட்ட டிஎன்ஏ) மூச்சுவழி அனுப்ப, அதைச் சுமக்கும் பாலிமராக 25 கிலோடால்டன் கிளைத்த பாலிஎத்திலீன்இமினே (பிஇஐ) போதும் என்பது என் கட்சி. 1995 முதல் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் மலிவு. 10 மைக்ரோகிராம் டிஎன்ஏவில் 30 நானோமோல் பாஸ்பேட். என்/பி விகிதம் (பிஇஐயின் நைட்ரஜனுக்கும் டிஎன்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம்) 10 என்றால் 300 நானோமோல் நைட்ரஜன், அதாவது சுமார் 13 மைக்ரோகிராம் பிஇஐ. இரண்டையும் தனித்தனியே 5% குளுக்கோஸில் கரைத்துக் கலந்து 20 நிமிடம் விட்டால் துகள் தயார். உப்புநீரில் கலக்காதீர்கள், திரண்டுவிடும்.

எஸ்டர்: கணக்கு சரி. ஆனால் டிஎன்ஏவை இறுக்க என்/பி 3 அளவே போதும். உங்கள் 13இல் ஏறக்குறைய 9 மைக்ரோகிராம் எதையும் பிடிக்காமல் சும்மா மிதக்கும். செல்சவ்வைக் கிழிப்பது அதுதான். பிஇஐ உடலில் சிதைவதும் இல்லை.

அமீன்25: அந்த மிதக்கும் பாலிமரை வடிகட்டி எடுத்துப் பாருங்கள், நச்சோடு மரபணு வெளிப்பாடும் சேர்ந்து விழும். துகள் எண்டோசோமை (செல் அதை விழுங்கி வைக்கும் பை) விட்டு வெளியேற உதவுவதே அதுதானே?

எஸ்டர்: அதனால்தான் பிஇஐக்குப் பதில் பாலி பீட்டா அமினோ எஸ்டர் என்ற பாலிமர் என்கிறேன். அதிகமாகச் சேர்த்தாலும் எஸ்டர் பிணைப்பு நீரில் அறுந்து சிறு துண்டாகிவிடும்.

அமீன்25: குப்பியிலேயே அறுந்தால்?

எஸ்டர்: நீரில் கரைத்து வைக்கவே கூடாது. ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் உறையவைத்து, தேவைப்படும்போது பிஎச் 5 அசிடேட் கரைசலில் கலந்து உடனே பயன்படுத்த வேண்டும். தொல்லைதான், மறுக்கவில்லை.

மூச்சுக்குழல்: வண்டியைப் பற்றியே சண்டை, சரக்கை யார் பார்ப்பது? பி53 நுழைந்த செல்லுக்குள்தான் முக்கியமாக வேலை செய்யும். நெபுலைசர் துளி 1 முதல் 5 மைக்ரான் வரை இருந்தால் ஆழமாகப் போகும், உண்மை. ஆனால் கட்டி அடைத்த மூச்சுக்குழலில் காற்றே போகாது. போன இடத்திலும் சளி பிடித்துக்கொள்ளும். கட்டியின் நடுப்பகுதிக்கு எப்படிப் போவீர்கள்?

அமீன்25: ரத்தம் வழியாக?

மூச்சுக்குழல்: பிஇஐயை ரத்தநாளத்தில் ஏற்றினால் எலி நுரையீரலில் வெளிப்பாடு அமோகமாகத் தெரியும். துகள் ரத்தப் புரதத்தோடும் செல்களோடும் திரண்டு நுண்குழாய்களில் சிக்குவதும் அதற்கு ஒரு காரணம். அளவு சற்று கூடினால் எலி செத்துப்போகும். அதை இலக்கு நோக்கிய சிகிச்சை என்று எழுதுவது வேடிக்கை.

எஸ்டர்: சுரக்கும் புரதமாக இருந்தால்? இன்டர்லூக்கின் 12 (நோயெதிர்ப்பைத் தூண்டும் புரதம்) மரபணுவை பிஇஐயோடு மூச்சில் கொடுத்து, எலும்புப் புற்றிலிருந்து நுரையீரலுக்குப் பரவிய கட்டிகளை எலிகளில் குறைத்திருக்கிறார்கள். எல்லாச் செல்லையும் தொட வேண்டியதில்லை.

மூச்சுக்குழல்: அந்த வழிக்கு நானும் வருவேன். ஆனால் கூடவே பிஇஐயின் அழற்சியும் வரும், கட்டி சுருங்க அதுவும் காரணமாகலாம். டிஎன்ஏ இல்லாத வெறும் பாலிமர் கொடுத்த எலிக்கூட்டத்தைப் பக்கத்தில் வைக்காமல் கட்டி சுருங்கியது என்று காட்டாதீர்கள்.